வில்லன் ஏன் பேசிக்கொண்டே நிற்கிறான்?



வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து பழைய படம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்தே தீரும். கதாநாயகனைத் தூணில் கட்டிப் போட்டிருப்பார்கள். வில்லன் கையில் துப்பாக்கி இருக்கும். சுற்றி இருபது அடியாட்கள். ஒரு நொடியில் காரியம் முடிந்துவிடும். ஆனால் வில்லன் என்ன செய்வான்? பெரிதாகச் சிரிப்பான். பழைய கதையெல்லாம் சொல்லுவான். தன் திட்டத்தை ஒன்று விடாமல் ஒப்பிப்பான். அதற்குள் கட்டு அவிழ்ந்து, ஜன்னல் உடைந்து, போலீஸ் ஜீப் வந்துவிடும்.

"ஏம்மா, அவன் பேசாம சுட்டிருக்கலாமே?" என்று என் சின்னவன் கேட்டான். அவனுக்கு ஒன்பது வயசு.

"சுட்டுட்டா படம் அங்கேயே முடிஞ்சிடுமேடா. மீதி ஒரு மணி நேரத்துக்கு என்ன காட்டுவான்?" என்று பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார் வீட்டுக்காரர். ஆண்களுக்கு எல்லாமே ஒரு வரியில் தீர்ந்துவிடும்!

அவர் சொன்னது தப்பில்லை. கதாநாயகன் செத்தால் கதை செத்தது. வாரா வாரம் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு அது தெரியாதா? கத்தி கழுத்தருகே வந்ததும் 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் கத்தி எப்படியாவது விலகிவிடும்.

ஆனாலும் அது கதை எழுதுகிறவருக்கான காரணம். வில்லனுக்கு என்று ஒரு காரணம் வேண்டாமா? கெட்டிக்காரக் கதாசிரியர்கள் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காரணங்களை எண்ணிப் பார்த்தால் மனுஷ மனசைப் பற்றியே ஒரு பாடம் கிடைக்கிறது. என் மாமியாருக்கு பாரதமும் ராமாயணமும் தண்ணீர் பட்ட பாடு. அவரோடு வெங்காயம் உரித்துக்கொண்டே பேசியதில் தேறியதை இங்கே தருகிறேன்.

உயிரோடு இருந்தால்தான் லாபம்

முதல் காரணம், வெறும் கணக்கு. கதாநாயகன் செத்தால் வில்லனுக்கே நஷ்டம்.

எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'நாடோடி மன்னன்' (1958) நினைவிருக்கிறதா? உண்மை மன்னன் சிறையில், அவனைப் போலவே இருக்கும் இன்னொருவன் சிம்மாசனத்தில். இந்த மாதிரிக் கதைக்கு முன்னோடி ஆண்டனி ஹோப் எழுதி 1894-ல் வந்த 'செண்டாவின் கைதி' என்ற ஆங்கில நாவல். அதில் வில்லன், அரசனின் மாற்றாந்தாய்த் தம்பி. அரசன் அவன் கோட்டையில்தான் அடைபட்டிருக்கிறான். ஏன் கொல்லவில்லை? கொன்றுவிட்டால், சிம்மாசனத்தில் இருக்கிற போலி அரசனே நிரந்தர அரசன் ஆகிவிடுவான். 'இவன் போலி' என்று ஊருக்குச் சொல்லலாம் என்றால், 'அப்படியானால் உண்மை அரசன் எங்கே?' என்று ஊர் திருப்பிக் கேட்கும். எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறார் பாருங்கள்!

சரித்திரத்திலும் இப்படி ஒன்று உண்டு. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர், வாலிப வயதில் கடற்கொள்ளைக்காரர்களிடம் அகப்பட்டான். அவர்கள் இருபது தாலந்து வெள்ளி கேட்டார்கள். "நான் யார் என்று தெரியாமல் கேட்கிறீர்களே, ஐம்பது கேளுங்கள்" என்றானாம் சீசர். முப்பத்தெட்டு நாள் அவர்களோடு இருந்து, விளையாடி, தான் எழுதிய கவிதைகளைப் படித்துக் காட்டி, "உங்களையெல்லாம் ஒருநாள் தொங்கவிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னானாம். அவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்தார்கள். பணம் வந்தது, விட்டார்கள். சீசர் நேரே போய்க் கப்பல் திரட்டி வந்து அவர்களைப் பிடித்தான். சொன்னபடியே சிலுவையில் ஏற்றினான். புளூடார்க் எழுதி வைத்த விவரம் இது.

இந்த வகை வில்லனை முட்டாள் என்று சொல்ல முடியாது. ஆசைதான் அவன் கண்ணை மறைக்கிறது.

பார்க்க ஆள் வேண்டும்

இரண்டாவது காரணம்தான் எல்லாவற்றிலும் பெரியது. வில்லனுக்கு எதிரி சாவதில் திருப்தி இல்லை. எதிரி தன் முன்னால் தலை குனிய வேண்டும். அதை நாலு பேர் பார்க்கவும் வேண்டும்.

துரியோதனனையே எடுத்துக்கொள்ளுங்கள். சூதாட்டம் முடிந்ததும் பாண்டவர் ஐந்து பேரும் அவனுக்கு அடிமைகள். ஆயுதம் இல்லை, நாடு இல்லை. அவன் நினைத்திருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். ஆனால் சபைக்கு நடுவே திரௌபதியை இழுத்துவரச் சொன்னான். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அந்தச் சபையிலேயேதான் அவன் அழிவுக்கான சபதங்களும் பிறந்தன.

அதோடு விட்டானா? பாண்டவர்கள் காட்டில் மரவுரி கட்டிக்கொண்டு இருக்கும்போது, மாட்டு மந்தையைக் கணக்கெடுக்கப் போகிறேன் என்று சாக்குச் சொல்லி, பட்டும் நகையுமாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போனான். எதற்கு? தன் பவிசைக் காட்டி அவர்கள் வயிற்றெரிச்சலைப் பார்ப்பதற்கு! போன இடத்தில் சித்திரசேனன் என்ற கந்தர்வனிடம் சண்டைக்குப் போய்க் கட்டுண்டான். கடைசியில் தர்மபுத்திரர் பீமனையும் அர்ஜுனனையும் அனுப்பித்தான் அவனை மீட்க வேண்டியிருந்தது. யாரைக் கேலி செய்யப் போனானோ, அவர்கள் கையாலேயே உயிர்ப்பிச்சை. அந்த அவமானம் தாங்காமல் பட்டினி கிடந்து சாகப்போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டான் என்கிறது பாரதம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிக்கிற ஹாரி பாட்டர் கதையிலும் இதே சங்கதிதான் என்று என் பெரியவள் சொன்னாள். 2000-ல் வந்த நாலாவது புத்தகத்தில், கல்லறைத் தோட்டத்தில் ஹாரி கட்டுண்டு கிடக்கிறான். வோல்டமார்ட் அவனை அப்படியே முடித்திருக்கலாம். ஆனால் தன் கூட்டத்தையெல்லாம் வரவழைத்து, பையனின் கட்டை அவிழ்த்து, மந்திரக்கோலையும் கையில் கொடுத்து, சண்டைக்கு வா என்கிறான். 'ஒரு சின்னப் பையனிடம் தோற்றவன்' என்ற பெயர் போக வேண்டும் அவனுக்கு. பையன் தப்பிவிடுகிறான்.

'ஷோலே' (1975) படத்தில் கப்பர் சிங், தாக்கூரின் குடும்பத்தையே அழித்தான். தாக்கூரைக் கொல்லாமல் இரண்டு கைகளை வெட்டிவிட்டு உயிரோடு விட்டான், வாழ்நாள் முழுக்க வேதனைப்படட்டும் என்று. கை போனாலும் தாக்கூருக்கு மூளை போகவில்லையே! இரண்டு ஆட்களை அமர்த்தினார். கப்பர் கதை முடிந்தது.

அடுத்தவன் கையால்

மூன்றாவது, தன் கையை அழுக்காக்கிக்கொள்ளாத வில்லன். கம்சன் இதற்குத் தலைவன். அசரீரி கேட்ட உடனே தேவகியை வெட்ட வாளை உருவினான். வசுதேவர், பிறக்கும் குழந்தைகளைக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று கெஞ்சியதும் விட்டுவிட்டான். பிறகு கோகுலத்தில் குழந்தை வளர்கிறது என்று தெரிந்து பூதனையை அனுப்பினான். அப்புறம் சகடாசுரன், திருணாவர்த்தன், பகாசுரன் என்று ஒவ்வொருவராக. "எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பினா என்ன?" என்று சின்னவன் கேட்டான். "சம்பளம் ஒரே நேரத்துல கொடுக்க முடியலையோ என்னமோ" என்றார் அத்தை!

துரியோதனனின் அரக்கு மாளிகையும் இப்படித்தான். வேலையைப் புரோசனன் தலையில் கட்டினான். அவன் நேரம் பார்த்தான், காலம் பார்த்தான். பாண்டவர்கள் ஒரு வருஷம் அங்கே குடியிருந்து, சுரங்கமும் வெட்டி முடித்து, அவர்களே நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். வெந்தது புரோசனன்தான்.

குழந்தைகளுக்குத் தெரிந்த கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் கதையிலும் சின்னம்மா முதலில் வேடனைத்தான் அனுப்புகிறாள். அவன் மனசு இளகி, காட்டுப் பன்றிக் குட்டியின் ஈரலைக் கொண்டுவந்து காட்டிவிடுகிறான். கெட்ட காரியத்துக்கு அடுத்தவனை நம்பினால், அவனுக்கும் ஒரு மனசு இருக்கும் என்பதை வில்லன்கள் கணக்கில் எடுப்பதில்லை.

செத்தானா என்று பார்ப்பதில்லை

நாலாவது, அவசரமான கொண்டாட்டம். இந்திரஜித்து நாகபாசத்தால் ராம லட்சுமணர்களைக் கட்டி வீழ்த்திவிட்டு, செத்தார்கள் என்று அப்பாவிடம் போய்ச் சொன்னான். ராவணன் என்ன செய்தான்? சீதையைப் புஷ்பக விமானத்தில் ஏற்றி, போய்ப் பார் என்று அனுப்பினான். மறுபடியும் அதே ஆசைதான், அவள் அழுவதைப் பார்க்க வேண்டும்! அதற்குள் கருடன் வந்து பாசம் விலகியது.

இதே ராவணன் அனுமனைக் கொல்லாமல் விட்டது வேறு கணக்கு. தூதனைக் கொல்வது முறையல்ல என்று விபீஷணன் எடுத்துச் சொன்னான், ராவணன் கேட்டான். கெட்டவனுக்கும் ஒரு சட்டம் உண்டு என்று காட்டுகிற இடம் அது. ஆனாலும் வாலில் தீ வைத்து ஊர்வலம் விடாமல் இருக்க முடியவில்லை. ஊர் பார்க்க வேண்டுமே! ஊர் பார்க்கத்தான் செய்தது, எரிந்துகொண்டே.

பேசாத வில்லன்

இப்படியே சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர், "அசுவத்தாமனை விட்டுட்டியே" என்றார். அப்போது அத்தையின் குரல் மாறிவிட்டது.

உண்மைதான். பாரதத்தில் சவால் விடாமல், ஊரைக் கூட்டாமல், நேரம் வீணாக்காமல் வந்தவன் அவன் ஒருவன்தான். போர் முடிந்த ராத்திரி. பாசறையில் எல்லோரும் அசதியில் தூங்குகிறார்கள். இருட்டில் உள்ளே நுழைந்தான். திருஷ்டத்யும்னனையும், திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் தூக்கத்திலேயே முடித்துவிட்டான். பாண்டவர்கள் அன்று பாசறையில் இல்லாததால் பிழைத்தார்கள், பிள்ளைகள் பிழைக்கவில்லை.

அவனிடம் சிரிப்பில்லை, வசனமில்லை. அவன் பாசறையில் இருந்தவர்களுக்குத் தெரியாதவனும் இல்லை. குருவின் மகன். சின்ன வயசிலிருந்து பாண்டவர்களோடு சேர்ந்து வில் பழகியவன்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே.

நம் பிள்ளைகள் மனதில் இருக்கும் வில்லன்

குழந்தைகள் கதையிலிருந்துதான் 'கெட்டவன்' என்றால் யார் என்று கற்றுக்கொள்கிறார்கள். கெட்டவன் என்றால் பெரிய மீசை, கர்ண கடூரமான சிரிப்பு, கன்னத்தில் மச்சம். அவன் வரும்போதே ஒரு பயங்கர மியூசிக் வரும். கெடுதல் செய்வதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் செய்வான். நமக்குத் தப்பிக்க நேரம் கிடைக்கும்.

திரையில் எத்தனை கதாநாயகிகளைக் கதறவைத்த எம்.என்.நம்பியார், நிஜத்தில் எப்படிப்பட்டவர்? சைவச் சாப்பாடு, கட்டுப்பாடான வாழ்க்கை, வருஷா வருஷம் தவறாமல் சபரிமலை. ஐயப்ப பக்தர்கள் 'மகா குருசாமி' என்று வணங்கிய மனிதர். 2008-ல் அவர் காலமானபோது, வில்லன் போனான் என்று யாரும் நினைக்கவில்லை, ஒரு பெரியவர் போனார் என்றுதான் வருந்தினார்கள். வேஷம் வேறு, மனுஷன் வேறு. இது நமக்குத் தெரியும். இதே கணக்கு தலைகீழாகவும் இருக்கும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் நடந்தது. பெயர், ஊர் வேண்டாம். எட்டு வயசுப் பெண் குழந்தை. பாடம் சொல்லிக் கொடுக்க வந்தவர் தகாத முறையில் தொட்டிருக்கிறார். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, மாசக் கணக்கில். குழந்தை வாயே திறக்கவில்லை. கடைசியில் அம்மா எப்படியோ கண்டுபிடித்து, "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டபோது அது சொன்ன பதில், "அவர் நல்லவரும்மா. திட்டவே மாட்டார். சாக்லேட் தருவார். அம்மாகிட்ட சொல்லக்கூடாது, இது நம்ம ரகசியம்னு சொன்னார்."

திட்டாதவர், கத்தாதவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர் கெட்டவராக இருக்க முடியும் என்று அந்தக் குழந்தைக்கு எந்தக் கதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தைகளிடம் இப்படி நடப்பவர்களில் பெரும்பாலோர் முன்பின் தெரியாதவர்கள் அல்ல, வீட்டுக்கு வந்துபோகிற, குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த மனிதர்கள்தான். சினிமா வில்லன் ஊரே பார்க்க வேண்டும் என்பான். நிஜத்தில் வருகிறவன் யாரும் பார்க்கக் கூடாது என்பான். வித்தியாசம் அதுதான். குழந்தைக்கு இதைப் புரியவைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

பயமுறுத்த வேண்டாம். சாதம் ஊட்டும்போது, தலை வாரும்போது, கதையோடு கதையாகச் சொல்லுங்கள்.

'அம்மாகிட்ட சொல்லாதே' என்று யார் சொன்னாலும், அதை முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். அப்பா பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது நல்ல ரகசியம். இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்து எல்லோரும் சிரிப்போம். எப்போதும் யாரிடமும் சொல்லவே கூடாது என்பதும், நினைத்தால் வயிற்றைப் பிசைவதும் கெட்ட ரகசியம்.

உள்ளாடை மறைக்கிற இடங்களை யாரும் தொடக்கூடாது. குளிப்பாட்டுகிற அம்மா, அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கிற டாக்டர் மட்டும் விதிவிலக்கு. பெண் குழந்தைக்கு மட்டும் சொல்லிவிட்டு ஆண் குழந்தையை விட்டுவிடாதீர்கள். அவனுக்கும் சொல்ல வேண்டும்.

'மாமாவுக்கு முத்தம் கொடு', 'தாத்தா மடியில உட்காரு' என்று குழந்தையை வற்புறுத்த வேண்டாம். அது மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். வந்தவர் கோபித்துக்கொண்டால் ஒரு டம்ளர் காபி கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். பெரியவர்களிடமும் மறுப்புச் சொல்லலாம் என்று குழந்தை வீட்டில்தான் பழக வேண்டும்.

குழந்தை சொல்ல வரும்போது, "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்லை" என்பதுதான் நம் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்கவும் வேண்டாம்.

1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் எழுதி வையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. 'வெளியே தெரிந்தால் மானம் போகுமே' என்று மூடி மறைத்தால் அவன் அடுத்த வீட்டுக் குழந்தையிடம் போவான்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விளையாட்டு உண்டு. படம் பார்த்து முடித்ததும், 'இந்த வில்லன் செய்த முட்டாள்தனம் என்ன?' என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிட்டேன்: 'இவன் சிரிக்காமல், கத்தாமல், சாக்லேட்டோடு வந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய்?' உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். குழந்தை சொல்லும் பதிலிலிருந்து நாம் இன்னும் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.